பழனிவேல் பெயரில் பந்து வீசியவர்

என் தாய்மாமன் தட்சிணாமூர்த்தியிடம் சிறு வயது முதல் நான் பார்த்துவரும் பழக்கம் ஒன்று உண்டு. கூட்டத்தில் யாராவது "பழனி" என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார். கடலூர் பேருந்து நிலையத்தில், கல்யாணப் பந்தியில், மஞ்சக்குப்பம் காய்கறிக் கடையில், எங்கே ஆனாலும் சரி. தலை முதலில் திரும்பிவிடும். அது தன் பெயர் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்ததுபோல், கழுத்தைச் சொறிந்துகொண்டே பழைய திசைக்கு வருவார். "மூர்த்தி" என்று சொந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு தடவை கூப்பிட வேண்டும்.

அத்தை இதற்குக் காது மந்தம் என்று காரணம் சொல்வார். மந்தமான காதுக்கு ஒரு பெயர் மட்டும் எப்படித் தெளிவாகக் கேட்கிறது என்று வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் யோசிக்கவில்லை.

மாமா செம்மண்டலத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறார். மஞ்சள் வேன். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியது. எவ்வளவு மிதித்தாலும் ஒரு அளவுக்கு மேல் போகாது. ஒரு காலத்தில் சிதம்பரம் வட்டாரத்திலேயே வேகமாகப் பந்து வீசியவர் இவர் என்று சொன்னால், வேனில் வரும் குழந்தைகள் சிரிப்பார்கள். பத்தாவது படிக்கும் அவருடைய மகளே சிரிப்பாள்.

"ஒரு கப்பாச்சும் காட்டுப்பா, நம்பறேன்."

காட்ட வீட்டில் ஒன்றும் கிடையாது. கோப்பை இல்லை, படம் இல்லை, பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் வந்த மூன்று வரிச் செய்திகூட இல்லை. எல்லாம் பூவாலங்குடி கிளப்பில் இருக்கிறது என்பார் மாமா. பூவாலங்குடி என்பது சிதம்பரத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் போகும் சாலையில் உள்ளே தள்ளி இருக்கும் ஊர். கடலூர்க்காரருடைய கோப்பைகள் அங்கே என்ன செய்கின்றன என்று மகள் கேட்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன ஏப்ரலில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். பூவாலங்குடி ரைசிங் பாய்ஸ் கிரிக்கெட் குழுவுக்கு வெள்ளி விழாவாம். அந்தப் பையன்களுக்கெல்லாம் இப்போது தொந்தியும் சர்க்கரையும் வந்துவிட்டன, ஆனாலும் பாய்ஸ்தான். விழா மலர் போடுகிறார்கள். பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம்.

"என்னப் பத்தி நீ எழுதிக் குடு கயலு. காலேஜு படிச்சவ நீதான்."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதற்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. எனக்கு முன்னால் இந்த வீட்டில் யாரும் கல்லூரிப் படி ஏறவில்லை என்பதற்கு அரசாங்கத்தின் அத்தாட்சி. சிதம்பரத்தில் வரலாறு படித்தேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிற காரியம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். மின்வாரியத்துக்கு மனு, காதுகுத்து அழைப்பிதழ், இப்போது வாழ்க்கைக் குறிப்பு.

"பேரு?"

"தட்சிணாமூர்த்தி. பெரிய எழுத்துல போடு."

"அந்த ஊர்ல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க மாமா? பட்டப்பேரு எதாச்சும் இருந்தா அதையும் சேத்துக்கலாம்."

மாமா டம்ளரின் அடியைப் பார்த்தார்.

"பழனிவேல்" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னதையும், பின்னால் மற்றவர்கள் சொல்லக் கேட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் டென்னிஸ் பந்துப் போட்டிகள் ஆரம்பித்துவிடும். முதல் பரிசு, இடுப்பளவு உயரத்தில் ஒரு கோப்பையும் ஒரு ஆட்டுக்கிடாவும். எல்லாப் போட்டி நோட்டீசிலும் கடைசி வரி ஒன்றேதான்: ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் மட்டுமே ஆட வேண்டும். இந்த விதி மற்ற ஊர்களுக்கானது என்று ஒவ்வொரு ஊரும் புரிந்துகொண்டிருந்தது.

மாமாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கடலூர் முதுநகரில் ஒரு டயர் கடையில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பந்து போடுவார். டிராக்டர் டயர் வாங்க வந்த ராஜாமணி அதைப் பார்த்தார். ராஜாமணிதான் ரைசிங் பாய்ஸின் கேப்டன். டயரை ஏற்றிக்கொண்டு போன அதே வண்டியில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் ஏற்றிக்கொண்டு போனார்.

முதல் ஆட்டத்திலேயே சிக்கல். புது முகத்தைப் பார்த்த போட்டிக்காரர்கள், "தம்பி எந்த ஊரு? ரேஷன் கார்டு ஜெராக்ஸ் காட்டு" என்றார்கள். அந்தக் காலத்து அட்டையில் குடும்பத் தலைவருக்கு மட்டும்தான் படம். மற்றவர்களுக்குப் பெயரும் வயதும். ஆகவே ஒரு பெயரும் வயதும் கிடைத்தால் போதும். ராஜாமணி தன் ஆட்களைப் பார்த்தார். எல்லோரையும் ஜெராக்ஸ் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கொண்டுவந்திருந்தவர் ஒருவர்தான். பழனிவேல், வயது இருபத்திரண்டு, தொடக்க ஆட்டக்காரர்.

"மச்சான், இன்னைக்கு ஒரு மேட்ச் நீ உக்காரு. இவன்தான் நீ" என்றார் ராஜாமணி.

மறதிக்காரர்கள் பத்துப் பேரும் ஆடினார்கள். சொன்னபடி ஜெராக்ஸ் எடுத்துவந்தவர் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார்.

மாமா அன்று எதிரணியைக் குலைத்துவிட்டார். ஸ்டம்ப் ஒன்று முறிந்து போய், அதற்குப் பதில் சவுக்குக் கம்பை நட்டு ஆட்டத்தை முடித்தார்களாம். மைக்கில் நாள் முழுவதும் பழனிவேல், பழனிவேல். சாயங்காலம் சிறந்த பந்துவீச்சாளர் கோப்பையில் அந்தப் பெயரைத்தான் பெயின்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு ஊரில் எழுதிவிட்ட பெயரை அடுத்த ஊரில் மாற்ற முடியாது. அடுத்த வாரமும் மாமா பழனிவேலாகவே ஆடினார். அதற்கடுத்த வாரமும்.

உண்மையான பழனிவேலை என்ன செய்வது? மைதானத்தில் அவர் நின்றால் யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் திரும்புவார்கள். எனவே ஆட்டம் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஊரிலேயே இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. காலை பேருந்தில் ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே பொழுது போகாது. பூவராக சுவாமி கோயிலில் போய் உட்கார்ந்திருப்பார். இந்த வயதில் இப்படி ஒரு பக்தியா என்று அந்தத் தெருவே வியந்ததாம். இருட்டியதும் கோரைக்கிழங்குப் பிரசாதத்தோடு திரும்பி வருவார். ஜெயித்த குழு அதையும் சாப்பிட்டுவிட்டுக் கிடா விருந்துக்கு உட்காரும்.

பழனிவேலின் புகழ் பரவியது. அதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை என்றாலும் விளைவுகள் அவரைத் தேடி வந்தன. விருத்தாசலம் பக்கத்திலிருந்து பவானி என்ற பெண்ணைப் பேசினார்கள். பெண்ணின் தம்பி சித்தார்த் சிதம்பரத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தான். பழனிவேல் என்ற பெயரை அவன் கேள்விப்பட்டிருந்தான், ஆளைப் பார்த்ததில்லை. "வேகப்பந்து பழனிவேலா? கண்ண மூடிக்கினு குடுக்கலாம்" என்றானாம். கல்யாணம் ஆன பிறகு வந்த முதல் காணும் பொங்கலுக்கு மச்சானின் கையில் பந்தைக் கொடுத்து, ஒரு ஓவர் போடச் சொன்னான். பழனிவேல் தோள்பட்டை வலி என்றார். அன்று பிடித்த வலி பிறகு விடவே இல்லை. ஆடாத ஆட்டத்தில் காயம்பட்டு, மாமாவுக்கு முன்பே ஓய்வு பெற்றவர் அவர்.

மாமா ஓய்வு பெற்றதற்கு முழங்கால்தான் காரணம் என்று சொல்வார். முழங்காலிலும் கொஞ்சம் கோளாறு இருந்திருக்கலாம். ஆனால் அந்த வருடம்தான் போட்டிக்காரர்கள் ஆதார் அட்டை கேட்க ஆரம்பித்தார்கள். அதில் எல்லோருக்கும் படம் இருந்தது.

இவ்வளவையும் கேட்ட பிறகு என்னால் அந்த ஒரு பக்கத்தை எழுத முடியவில்லை. பந்து வீசிய கை ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. இதில் எது வாழ்க்கை, எதற்கு நான் குறிப்பு எழுதுவது? மூன்று வருடம் வரலாறு படித்தும் இப்படி ஒரு கேள்வியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அப்போது நான் மாமாவின் பக்கம்தான் இருந்தேன். ஒரு மனிதர் இத்தனை வருடம் உழைத்து, பெயரை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு வருவது பெரிய அநியாயமாகத் தெரிந்தது.

மாமாவுக்கு வேண்டியது ஒன்றுதான். விழாவில், அந்த மைதானத்தில், மைக்கில், அவர் பெயரை ஒரு தடவை சொல்ல வேண்டும். மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வைக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை என்னை வண்டியில் உட்காரவைத்துச் சிதம்பரம் போனார். ராஜாமணி இப்போது அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். விழா பேனர் அச்சடித்து வந்து கடை வாசலில் சாய்ந்திருந்தது. ஓடிவந்து கை சுழற்றும் மாமாவின் பழைய படம், சுழலும் கை முகத்தைப் பாதி மறைத்திருந்தது. கீழே, வேகப்புயல் பழனிவேல்.

"பேர மாத்து ராஜாமணி."

"எந்தப் பேர?"

"என் பேர."

"சரியாத்தானே போட்டிருக்கேன்."

"நான் மூர்த்திடா."

"அது எனக்குத் தெரியும், உன் பொண்டாட்டிக்குத் தெரியும். மணவாளநத்தத்துக்குத் தெரியுமா? நம்ம ரூம்ல இருக்கற கப்புல பாதி அவனுங்க கிட்ட ஜெயிச்சது. சீஃப் கெஸ்டே அவுங்க கேப்டன் செந்தமிழ்செல்வன். மேடையில உக்காந்துக்கினு கப்ப திருப்பிக் குடுன்னு கேட்டா நான் எங்க போவேன்? கப்பக்கூட குடுத்துடலாம். கிடாவ எங்கேர்ந்துடா திருப்பிக் குடுக்கறது?"

"இத்தன வருஷத்துக்கு அப்பறமா கேக்கப் போறான்?"

"தோத்தவனுக்கு ஞாபகம் ஜாஸ்தி மூர்த்தி. இன்னொண்ணு, பழனியோட மச்சினன் குடும்பத்தோட வர்றான். அவன் முன்னாடி பழனி மானம் இன்னா ஆவறது? பழனி சரின்னு சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்."

பழனிவேல் மாட்டார் என்று அவர் நம்பினார் என்று நினைக்கிறேன்.

பூவாலங்குடிக்குப் போனோம். பழனிவேல் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளப்பவர். ஒல்லியான மனிதர், மாமாவின் தோள் உயரம்தான் இருப்பார். அந்த அட்டையில் படம் இருந்திருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பார்கள் என்று தோன்றியது. அவருடைய மனைவி பவானி டீ கொண்டுவந்தார்.

"ரெண்டு பழனிவேலும் ஒரே நேரத்துல வந்து உக்காந்தா நான் எந்தப் பழனிவேலுக்குச் சக்கரை போடறது, எந்தப் பழனிவேலுக்குப் போடாம குடுக்கறது?"

"எனக்குப் போடாதீங்க தங்கச்சி" என்றார் மாமா.

"சக்கரை வியாதி மட்டும் ஆளுக்கு ஆள் சரியா வந்திருக்கு" என்றவர் என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா பாப்பா, கல்யாணம் ஆகி மறுவாரம் கோழிய நாய் தொரத்துது. கல்ல எடுத்து அடிங்கன்னேன். இவரு எறிஞ்ச கல்லு எங்க மாமியாரு கால்ல விழுது. அன்னைக்கே புரிஞ்சுபோச்சு, இது வேற பழனிவேலுன்னு."

பழனிவேல் சிரித்தார். மாமா வந்த விஷயத்தைச் சொன்னார். கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொன்னார்; அதற்கு அவசியமே இருக்கவில்லை.

"சொல்லிக்கடா. உன் பேருதானே" என்றார் பழனிவேல்.

"உன் மச்சினன் வர்றானாமே."

"வரட்டும். அவன் வந்து தங்கினா ஒரு கையாலயே சட்ட மாட்ட வேண்டியிருக்கு. எனக்கும் ரெண்டு கையும் வேணும் மூர்த்தி." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா ஒண்ணு. விழா அன்னைக்குப் பழைய ஆளுங்க மேட்ச் இருக்குது. ராஜாமணி லிஸ்ட்ல பழனிவேல்னு ஒரு பேரு இருக்கு. அது நான். நான்தான் ஆடுவேன்."

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்ததைக் கவனித்துப் பவானி சொன்னார்:

"இவருக்கு உங்க மாமா ஒரு மேட்ச் பாக்கி வெச்சிருக்காரும்மா. ஆதார் கேக்கறதுக்கு முன்னாடி வருஷம். ஒரே ஒரு தடவ நான் வரல, நீயே உன் பேர்ல ஆடிக்கடான்னு சொன்னாரு. இவரு புது பேன்ட் எடுத்துத் தெச்சாரு. காலைல பேட்டோட கிரவுண்டுல நிக்கறாரு. பாத்தா, உங்க மாமா வண்டியில வந்து எறங்கறாரு."

"ராஜாமணி போன் பண்ணான். அவுங்க ஸ்டிராங் டீமுன்னான்" என்றார் மாமா.

"நான் குத்தம் சொல்லல அண்ணே. நடந்தத சொன்னேன்."

"பேட்டக் குடுத்துட்டு ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறினேன்" என்றார் பழனிவேல் சாதாரணமாக. "புது பேன்ட்டுன்னு எங்க அக்கா இன்னா விசேஷம்னு கேட்டுது. 'அடுத்த மேட்ச் உனக்கு'ன்னு இவன் சொல்லியனுப்பினான். அடுத்த மேட்ச்சுக்கு ஆதார் கேட்டாங்க. சரி, இவன்தான் போயிட்டானே, இனிமே நாம ஆடலாம்னு எறங்கினா, பழனிவேலு வந்துட்டான், பந்த அவன்கிட்ட குடுன்னு எல்லாரும் கத்தறாங்க. நான் பேட்ஸ்மேன்னு சொன்னா சிரிக்கறாங்க. விட்டுட்டேன்."

நான் அதுவரை போட்டுவைத்திருந்த கணக்கு அங்கே தவறிப்போனது. மாமா இழந்தது பெயரை. ஆட்டம் முழுவதும் அவரிடம் இருந்தது. பழனிவேலுக்குக் கிடைத்தது பெயர் மட்டும். அதற்காக ஆட்டத்தைக் கொடுத்திருந்தார், அதுவும் யாரும் அவரைக் கேட்காமலே.

மாமா எழுந்து பழனிவேலின் கையைப் பிடித்தார்.

"பேரு எனக்கு. மேட்ச் உனக்கு. போதுமா?"

"போதும்டா."

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா. மாமாவும் அத்தையும் அவர்கள் மகளும் நானும் போனோம். காய்ந்த வயலில் பந்தல். பேனரில் இன்னும் வேகப்புயல் பழனிவேல்தான். பேனர் மாற்றினால் செலவு, மைக்கில் சொல்லிக்கொள்ளலாம் என்று ராஜாமணி சொல்லிவிட்டார். மைக்கிலும் அவர் சொல்கிற மாதிரி தெரியவில்லை. முன்வரிசையில் பவானியும் அவருடைய தம்பி சித்தார்த்தும் உட்கார்ந்திருந்தார்கள். பழனிவேல் புதுச் சட்டை போட்டிருந்தார். ரைசிங் பாய்ஸ் சட்டை, முதுகில் அவர் பெயர்.

"அடுத்ததாக, எதிரணிகளின் சிம்ம சொப்பனம், வேகப்புயல் பழனிவேல் அவர்களுக்குச் சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்துவார்" என்றான் மைக் பையன். மாமா மேடை ஏறினார். பொன்னாடை போர்த்தியதும் ராஜாமணி அவசரமாக அடுத்தவரை அழைக்கப் பார்த்தார். மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு பழனிவேல் இல்ல. தட்சிணாமூர்த்தி. ஊரு கடலூர். இந்த ஊரு ரேஷன் கார்டுல என் பேரு கிடையாது. மணவாளநத்தத்துக்காரங்க என்ன மன்னிக்கணும்."

ராஜாமணி கண்ணை மூடிக்கொண்டார். செந்தமிழ்செல்வன் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து மைக்கை வாங்கினார்.

"உக்காருங்க மூர்த்தி. எங்களுக்கு மொத மேட்ச்சுலயே தெரியும். பூவாலங்குடியில இந்த ஒசரத்துக்கு எவன் வளந்தான்? கேட்டிருப்போம். கேட்டா நீங்களும் எங்களக் கேப்பீங்க. எங்க ஓபனிங் பேட்ஸ்மேன் புதுச்சேரி, கீப்பர் பண்ருட்டி. சொந்த ஊரு ஆளு ரெண்டு பேருதான். நானும் அம்பயரும்."

பந்தலே சிரித்தது. ராஜாமணி கண்ணைத் திறந்து, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அத்தையின் அருகில் மாமாவின் மகள் எழுந்து நின்று கைதட்டினாள். மாமா மேடையில் நின்றபடி அவளைத் தேடிப் பார்த்தார்.

நான் பழனிவேலைப் பார்த்தேன். இத்தனை வருட ஸ்ரீமுஷ்ணம், இத்தனை வருடத் தோள்பட்டை வலி. அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அவர்களிடமிருந்து மறைப்பதற்காக. அவரும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

சித்தார்த் அவர் பக்கம் மெல்லச் சாய்ந்தான். "அப்ப மச்சான், தோளு?"

"சரியாயிடுச்சு" என்றார் பழனிவேல்.

மணவாளநத்தத்தோடு பழைய ஆட்டக்காரர்களின் ஆட்டம் ஆரம்பித்தது. பக்கத்துக்கு எட்டுப் பேர். டாஸில் தோற்று ரைசிங் பாய்ஸ் முதலில் ஃபீல்டிங். பழனிவேல் எல்லைக் கோட்டருகே முழங்காலில் கை ஊன்றி, குனிந்து தயாராக நின்றார். பந்து அந்தப் பக்கம் வரவே இல்லை. வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் குனிந்தார். அவருக்கு வேண்டியது பேட்டிங். அது இடைவேளைக்குப் பிறகு.

முதல் ஓவர் முடிந்ததும் செந்தமிழ்செல்வன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேட்டோடு இறங்கினார்.

"மூர்த்தியப் போடச் சொல்லுங்க. அவன ஒரு சிக்ஸராவது அடிக்காம நான் சாவ மாட்டேன்" என்று கத்தினார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. மைக் பையன் அழைத்தான்: "தட்சிணாமூர்த்தி அவர்கள் எங்கிருந்தாலும் உடனே மைதானத்துக்கு வரவும். தட்சிணாமூர்த்தி அவர்கள்."

ராஜாமணி ஓடிவந்தார். "எறங்குடா. ஆளுங்க கேக்கறாங்க."

"எட்டுப் பேரு இருக்கீங்களே. பழனி ஆடறான்."

"பழனி எங்க போயிடப் போறான்? ஒரு ஓவர்டா."

மைக்கில் மறுபடியும் அந்தப் பெயர் வந்தது. முழுப் பெயர், விட்டு விட்டு, அழுத்தமாக. அந்த வயலில் அது ஒலித்த முதல் நாள் அதுதான். மாமா பொன்னாடையைக் கழற்றி என் மடியில் போட்டார். உள்ளே போனார். எல்லைக் கோட்டருகே பழனிவேலிடம் ஏதோ சொன்னார். அவர் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

"ஒரு ஓவர் போட்டுட்டு வந்துடறேன்னான்" என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் பவானியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாமா ஓடிவந்தார். ஓட்டத்தில் பேனர் படத்தின் சாயல் இருந்தது, முழங்காலில் இல்லை. முதல் பந்தைச் செந்தமிழ்செல்வன் பந்தலுக்கு மேல் தூக்கினார். "தட்சிணாமூர்த்தி வீசிய பந்தில் ஒரு சிக்ஸர்" என்றான் மைக் பையன். அடுத்த பந்து வாய்க்கால் தாண்டிப் போனது. "தட்சிணாமூர்த்தி வீசிய பந்தில் மீண்டும் ஒரு சிக்ஸர்." பழனிவேல் என்ற பெயரை அந்தப் பக்கத்தில் யாரும் இப்படி அடித்தது கிடையாது. மாமா ஒவ்வொரு தடவையும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மைக் இருந்த பக்கம் பார்த்துச் சிரித்தார். அடி வாங்கிய பந்துவீச்சாளர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஓவர் முடிந்தது. மாமா வெளியே வரவில்லை. பந்து பொறுக்கும் இடத்துக்குப் போய் நின்றார். பழனிவேல் எழுந்து கோடு வரை போனார். அம்பயர் கையை நீட்டித் தடுத்தார்.

"வெளிய போனவங்க திரும்ப உள்ள வர முடியாது சார். ரூல்ஸ்."

இருபத்தைந்து வருடத்தில் ஒரு விதியை யாரோ கடைப்பிடித்தது அன்றைக்குத்தான். ராஜாமணியிடம் கேட்டால் தீர்ந்திருக்கும். மாமா ஒரு வார்த்தை சொன்னாலும் தீர்ந்திருக்கும். மாமா தொலைவிலிருந்து கையை உயர்த்தி, "அடுத்த மேட்ச் உனக்குடா பழனி" என்று கத்தினார். பழனிவேல் தலையாட்டினார். இடைவேளைக்குப் பிறகு தொடக்க ஆட்டக்காரராக மாமா இறங்கினார். அவர் வாழ்க்கையில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியதே கிடையாது. பட்டியலில் அந்த இடத்துக்கு எதிரே பழனிவேல் என்று இருந்தது, அதனால் இறங்கினார்.

பழனிவேல் இரண்டு கையையும் தூக்கிச் சட்டையைக் கழற்றினார். மடிப்புக் கலையாமல் மடித்துக் கவரில் போட்டார்.

"கிளம்பலாமா பவானி? சாயங்காலப் பால் வந்துடும்."

கடலூர் திரும்பும்போது புவனகிரி தாண்டியதும் மாமா பேச்செடுத்தார். அத்தையும் மகளும் முன்னால் பேருந்தில் போய்விட்டார்கள். நான் அவர் வண்டியில் வந்தேன்.

"மைக்குல பேரு தெளிவா கேட்டுச்சா கயலு?"

"கேட்டுச்சு மாமா."

"முழுப் பேரும் சொன்னான் இல்ல?"

"முழுசாத்தான் சொன்னான். அவரு ஆடியிருக்கலாமே மாமா. பழனிவேல் மாமா."

"நம்ம பேர அப்படிக் கூப்பிடும்போது எப்படி உக்காந்திருக்கறது சொல்லு" என்றார். என் பெயரை அப்படி யாராவது கூப்பிட்டால் நான் உட்கார்ந்திருப்பேனா என்பதில் எனக்கே நிச்சயம் இல்லை. "அவனுக்கு ஒரு மேட்ச் குடுக்கணும். அடுத்த வருஷம் கண்டிப்பா குடுக்கணும்" என்றார்.

அந்த வயலை ஆவணியில் வீட்டு மனைகளாகப் பிரித்துவிட்டார்கள். மஞ்சள் அடித்த கற்கள் வரிசையாக நட்டிருக்கின்றன. இனிமேல் போட்டி கிடையாது, வெள்ளி விழாவோடு கௌரவமாக முடித்துக்கொண்டோம் என்று ராஜாமணி சொல்லிவிட்டார். பழனிவேலுக்கு இந்தத் தையில் நாற்பத்தெட்டு முடிகிறது. போன வாரமும் மாமாவிடம் கேட்டேன். குடுக்கணும் என்றுதான் சொல்கிறார். எந்த வயலில், யாரோடு, எப்போது என்பதை அவர் சொல்லவில்லை.